கோயில் ஏட்டிலே ஒரு குலத்தின் வேர்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆயினும், தன் மூலத்தை அறிய வேண்டுமென்ற ஆவல் மனிதனை விட்டு நீங்குவதில்லை. கடல் கடந்து குடியேறிய குடும்பங்களிலே இவ்வாவல் இன்னும் மிகுதி. முதலில் வந்தவன் எந்த ஊரிலிருந்து புறப்பட்டான்? அவனைப் பெற்றவர் யாவர்? எக்காரணம் பற்றிச் சொந்த மண்ணைத் துறந்தான்? மூன்று தலைமுறை கழிந்த பின் இவ்வினாக்களுக்கு விடை கூற வீட்டில் எவரும் இரார். செவிவழிச் செய்தி ஒன்றிரண்டே எஞ்சி நிற்கும்.

இவ்வாரம் அத்தகைய தேடலொன்றின் வரலாற்றை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றோம். தேடப்பட்டவர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் ஜனாதிபதியான ஜோர்ஜ் வாஷிங்டனுடைய பூட்டன். பெரும் புகழ் படைத்த ஒருவரின் குலவரலாறு எளிதில் கிடைத்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். உண்மையோ வேறு. அதைச் சரிவரக் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன. இடையிலே ஒரு பிழை, மெய்யென்று ஏற்கப்பட்டு, எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி செலுத்தியது.

ஜனாதிபதிக்கு வந்த கடிதம்

1791 ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டனுக்கு இலண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சேர் ஐசாக் ஹேர்ட். பிரபுக்களின் குலவிருதுகளையும் வமிசாவளிகளையும் பதிந்து காக்கும் கழகத்தின் தலைவர் அவர். ஜனாதிபதியின் முன்னோர் எவரென்று அவர் வினவியிருந்தார்.

அடுத்த ஆண்டு மே மாதத்தில் வாஷிங்டன் மறுமொழி விடுத்தார். இவ்விடயத்தில் தாம் அதிகம் கருத்துச் செலுத்தியதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். முதலில் வந்து குடியேறிய முன்னோர் இங்கிலாந்தின் வடபகுதியைச் சேர்ந்தவரென்று குடும்பத்துப் பெரியோர் சொல்லக் கேட்டதுண்டு; அது லங்காஷயரா, யோர்க்ஷயரா, அதற்கும் அப்பாலுள்ள நாடா என்பது சரியாக நினைவில்லை என்றும் எழுதினார். ஒரு தேசத்தின் தலைவருக்கே தம் பூட்டனுடைய ஊர் தெரியவில்லை. ஆதலின், தம் குடும்ப வரலாறு தெரியவில்லையே என்று வருந்தும் வாசகர் ஆறுதல் கொள்வாராக.

பூட்டனின் பெயர் ஜோன் என்பதும், அவர் தம்பி லோரன்ஸ் என்பதும், இருவரும் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் வேர்ஜினியாவிலே குடியேறினர் என்பதும் ஐயமற்ற செய்திகள். இவற்றை வைத்துக்கொண்டு ஹேர்ட் தேடினார். நோர்தாம்டன்ஷயரைச் சேர்ந்த சல்கிறேவ் என்னும் ஊரில் வாழ்ந்த வாஷிங்டன் குடும்பத்தின் வமிசாவளியொன்று 1618 ஆம் ஆண்டில் எழுதப்பட்டு அவர் கழகத்திலே இருந்தது. அதிலே ஜோன், லோரன்ஸ் என இரு சகோதரர் காணப்பட்டனர். பெயர் பொருந்தியது, காலமும் ஏறத்தாழப் பொருந்தியது. குடியேறியவர்கள் இவர்களே என்று ஹேர்ட் முடிவு செய்தார். பின்வந்த சரித்திர ஆசிரியர்களும் அதையே எடுத்து எழுதினர்.

கோயிற்பற்று இடாப்பு

மேலே செல்லுமுன், இங்கிலாந்திலே இத்தகைய தேடலுக்கு ஆதாரமாக விளங்கும் ஏடுகளைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். எட்டாம் ஹென்றி மன்னனின் ஆட்சியில், 1538 ஆம் ஆண்டிலே, தோமஸ் குறொம்வெல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஓர் ஏடு வைக்கப்படல் வேண்டும். அக்கோயிற்பற்றில் நிகழும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் ஞாயிறுதோறும் அதிலே பதிய வேண்டும். இரண்டு பூட்டுகளையுடைய பெட்டியிலே அது காக்கப்பட வேண்டும் என்பது அவ்வாணை. தவறுவோருக்கு மூன்று சிலிங் நான்கு பென்சு குற்றப்பணம் விதிக்கப்பட்டது. புதிய வரி அறவிடவே இந்தக் கணக்கெடுப்பு என்று மக்கள் அஞ்சினராம்.

முதலில் இப்பதிவுகள் பெரும்பாலும் கடதாசியில் எழுதப்பட்டன. அவை நைந்து அழியவே, எலிசபெத் அரசியின் ஆட்சியில், 1598 ஆம் ஆண்டிலே, தோற்சுவடியில் அவற்றைப் பெயர்த்தெழுதுமாறு பணிக்கப்பட்டது. சிறப்பாக, அரசி ஆட்சிக்கு வந்த 1558 ஆம் ஆண்டு முதலான பதிவுகளைப் பேணுமாறு கூறப்பட்டது. அதனால், சோம்பற் குணமுடைய குருமார் சிலர் அதற்கு முந்திய இருபதாண்டுப் பதிவுகளை எழுதாமலே விட்டனர். இக்காரணத்தால் பல ஊர்களின் இடாப்புகள் 1558 இலேயே தொடங்குகின்றன. ஆண்டுதோறும் ஒரு பிரதியை மேற்றிராணியாருக்கு அனுப்பும் ஏற்பாடும் அக்காலத்தில் உறுதிப்பட்டது. மூல ஏடு தீயிலோ ஈரத்திலோ அழிந்துபோன இடங்களில் இப்பிரதியே கை கொடுக்கின்றது.

இங்கிலாந்திலே அரசாங்கம் பிறப்பையும் இறப்பையும் தானே பதியத் தொடங்கியது 1837 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான். அதற்கு முந்திய முந்நூறு ஆண்டுகளில், சாதாரண மனிதன் ஒருவன் உலகில் வாழ்ந்தான் என்பதற்குப் பெரும்பாலும் இக்கோயில் ஏடுகளே சாட்சி. உழவனும் தச்சனும் வேலைக்காரியும் பிரபுவின் மகனுடன் ஒரே தாளிலே இடம்பெற்றிருக்கக் காணலாம்.

ஆயினும், பதிவுகள் மிகவும் சுருங்கியவை. இன்ன நாளில் இன்னாருடைய மகன் இன்னான் ஞானஸ்நானம் பெற்றான் என்ற அளவே இருக்கும். தாயின் பெயர் பல இடங்களில் இராது. அடக்கப் பதிவிலே வயது இராது. எழுதுபவர் தம் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். ஆகவே, ஏட்டிலே ஒரு பெயரைக் கண்டவுடன் நம் பாட்டனைக் கண்டுவிட்டோமென்று மகிழ்தல் கூடாது. பெயர் ஒன்றாயினும் ஆள் வேறாகலாம்.

பெயரால் வந்த பிழை

ஹேர்ட் தவறியது இவ்விடத்திலேதான். அவர் கூற்றை முதன்முதலிலே தகர்த்தெறிந்தவர் ஜோசப் லெமுவெல் செஸ்டர் என்னும் அமெரிக்கர். இலண்டனிலே தங்கி, பழைய இடாப்புகளைப் படிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். 1866 ஆம் ஆண்டில் அவர் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். சல்கிறேவ் வமிசாவளியிற் கண்ட ஜோன், 1623 ஆம் ஆண்டில் சேர் பட்டம் பெற்று இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர். லோரன்ஸோ ஒக்ஸ்போர்ட்டிற் கற்றுக் குருவானவராகி, எசெக்ஸ் நாட்டிலே ஒரு கோயிற்பற்றை ஏற்றவர். வேர்ஜினியாவிலே புகையிலை பயிரிட்ட சகோதரர் இவர்களல்லர் என்பது தெளிவாயிற்று.

பிழையைக் களைந்தார், ஆனால் உண்மையைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. பின்னும் பல ஆண்டுகள் தேடி, 1882 ஆம் ஆண்டில் அவர் காலமானார். இதனை நாம் தோல்வியென்று கூறமாட்டோம். தவறான வழியிலே ஒரு தலைமுறை நடந்துகொண்டிருக்க, அவ்வழி அடைபட்டதென்று பலகை நாட்டுவதும் வழி காட்டுவதேயாகும்.

வமிசாவளி தேடுவோருக்குப் பெயர்களால் விளையும் தொல்லை சிறிதன்று. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம்மிடமும் உண்டு. பெயரன் என்ற சொல்லே அவ்வாறு பிறந்ததுதானே. வாஷிங்டன் குடும்பத்திலோ தலைமுறைதோறும் லோரன்ஸ்! இக்கட்டுரையிலேயே நான்கு லோரன்ஸுகள் வருவர். வாசகர் பொறுத்தருள வேண்டும்.

ட்ரிங் ஊரின் இடாப்பு

செஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் ஹென்றி பிட்ஸ்கில்பேர்ட் வோட்டர்ஸ். அமெரிக்காவிலே சேலம் நகரத்தைச் சேர்ந்தவர். ஹாவார்ட் கல்லூரிக்குத் தம் பெயரை விட்டுச்சென்ற ஜோன் ஹாவார்ட்டின் பெற்றோரைக் கண்டறிந்து, 1885 ஆம் ஆண்டிலேயே புகழ் பெற்றவர். அவர் பெயரை மட்டும் நம்பித் தேடவில்லை. குடியேறியவர்கள் வேர்ஜினியாவிலே எழுதிவைத்த மரணசாதனங்களிலிருந்து, அறிந்ததைப் பற்றிக்கொண்டு அறியாததை நோக்கிப் படிப்படியாகச் சென்றார்.

ஜோன் தமது மரணசாதனத்தை 1675 ஆம் ஆண்டில் எழுதினார். அதிலே தம்பி லோரன்ஸோடு மார்த்தா என்னும் சகோதரியும் குறிப்பிடப்படுகின்றார். தம்பி லோரன்ஸுக்கு இங்கிலாந்திலே ஒரு மகளும் ஆதனமும் இருந்தமையை அவர் மரணசாதனம் காட்டுகின்றது. இலண்டனில் 1677 ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒரு பத்திரம், அந்த லோரன்ஸ் முன்னர் லூட்டன் என்னும் ஊரில் வாழ்ந்து வேர்ஜினியாவில் இறந்தவரென்று கூறியது. ஊர் தெரிந்தது, இனித் தேட வேண்டிய வட்டாரமும் தெரிந்தது.

லூட்டனுக்கு அண்மையிலே ஹேர்ட்போர்ட்ஷயரில் ட்ரிங் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே வாழ்ந்து இறந்த அம்பிலிஸ் வாஷிங்டன் என்னும் விதவையின் உடைமைகளை நிருவகிக்கும் உரிமை, 1656 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, அவர் மகன் ஜோனுக்கு வழங்கப்பட்டிருந்தது. அதே ஊரைச் சேர்ந்த அன்றூ நோலிங் என்பவர் 1650 ஆம் ஆண்டில் எழுதிய மரணசாதனமும் கிடைத்தது. அதிலே அம்பிலிஸின் பிள்ளைகள் பெயர் பெயராகச் சொல்லப்பட்டிருந்தனர்: ஜோன், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா. லோரன்ஸ் அவருடைய ஞானப்பிள்ளை. வேர்ஜினியாவின் மூவரும் ஒரே வீட்டிலே நிற்பதை வோட்டர்ஸ் கண்டார். ட்ரிங் கோயிற்பற்று இடாப்பைத் திறந்தபொழுது, லோரன்ஸ் 1635 இலும், எலிசபெத் 1636 இலும், வில்லியம் 1641 இலும் ஞானஸ்நானம் பெற்ற பதிவுகள் அங்கே இருந்தன. மூத்தவராகிய ஜோனின் பெயர் அவற்றிடையே இல்லை. எனினும், மற்றைப் பத்திரங்கள் அவரைத் தாயோடும் உடன்பிறந்தாரோடும் உறுதியாகப் பிணைத்து நின்றன.

அப்பிள்ளைகளின் தந்தை யார்? ஹேர்ட் எவரைக் குடியேறியவரென்று பிழைபடக் கொண்டாரோ, அந்தக் குருவானவர் லோரன்ஸ் வாஷிங்டனே! ஹேர்ட் ஒரு தலைமுறை தவறியிருந்தார். வீடு சரி; ஆள் பிழை. தந்தையை மகனென்று கொண்டுவிட்டார். இவ்வுண்மையை வோட்டர்ஸ் 1889 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். பின்வந்த ஆராய்ச்சிகள் அதனை உறுதிப்படுத்தின.

ஊர் துறந்த காரணம்

ஆளைக் கண்டதனால் காரணமும் விளங்கிற்று. குருவானவர் லோரன்ஸ் ஒக்ஸ்போர்ட்டிலே பிரேஸ்னோஸ் கல்லூரியில் உயர் பதவி வகித்தவர். 1633 ஆம் ஆண்டிலே எசெக்ஸ் நாட்டின் பேர்லி கோயிற்பற்று அவருக்குக் கிடைத்தது. பத்தாண்டுகள் சென்றன. மன்னனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டது. மன்னன் பக்கம் சார்ந்த குருமார் பலர் பதவி பறிக்கப்பட்டனர். 1643 ஆம் ஆண்டில் லோரன்ஸும் நீக்கப்பட்டார். அவ்வாண்டு வெளிவந்த பட்டியலொன்று, அவரை மதுச்சாலைகளிலே காலங்கழிப்பவரென்று பழித்தது. அவரை நேரில் அறிந்த நீதவான் ஒருவரோ, அவர் அடக்கமும் ஒழுக்கமும் உடையவர் என்று பின்னர் சாட்சி கூறினார். எது மெய் என்பதை வாசகர் தாமே உய்த்துணரலாம். போர்க்காலத்திலே எதிர்க்கட்சியார் எழுதிவைத்ததை அப்படியே நம்புவது அறிவுடைமையாகாது.

வறுமையிலே வாழ்ந்து, மோல்டன் நகரிலே அவர் இறந்தார். அங்குள்ள கோயில் ஏட்டிலே அவருடைய அடக்கம் 1652 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் நாள் என்று பதிவாகியுள்ளது. நம் கணக்கின்படி அது 1653 ஆம் ஆண்டு. இது எழுத்துப் பிழையன்று. இங்கிலாந்திலே 1751 ஆம் ஆண்டு வரையில் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் மாதம் 25 ஆம் நாளிலே பிறந்தது. ஆகவே ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் முடிந்த ஆண்டின் வாலாகவே எண்ணப்பட்டன. ஜோர்ஜ் வாஷிங்டனே 1731 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் நாள் பிறந்து, 1732 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆம் நாளைப் பிறந்த நாளாகப் பெற்றவர். ஆண்டு மாறியது புத்தாண்டுக் கணக்கினால். நாள் மாறியது 1752 ஆம் ஆண்டு செப்ரெம்பரிலே பஞ்சாங்கத்திலிருந்து பதினொரு நாட்கள் நீக்கப்பட்டமையால். இதனை அறியாதவர், பழைய ஏடுகளைப் படித்து, பிள்ளை பிறக்குமுன் தாயைப் புதைத்துவிடவுங் கூடும்.

தந்தை மாண்டு இரண்டாண்டில், 1655 ஆம் ஆண்டு ஜனவரியில், அம்பிலிஸும் அடக்கமானார். தாயின் உடைமையை ஒழுங்கு செய்து முடித்த ஜோன், கடலோடியாக ஒரு கப்பலில் ஏறினார். அக்கப்பல் 1657 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேர்ஜினியாவின் பொட்டோமக் ஆற்றிலே தரைதட்டிற்று. அவர் அங்கேயே தங்கி மணம் புரிந்து நிலம் பெற்றார். 1659 ஆம் ஆண்டில், கப்பலிலே ஒரு பெண்ணைச் சூனியக்காரியென்று தூக்கிலிட்ட கப்பற்காரன் மீது அவர் முறையிட்டார். ஆனால் விசாரணை நாளிலே சாட்சி சொல்ல அவர் செல்லவில்லை. மகனுக்கு ஞானஸ்நானம் செய்விக்க நாள் குறித்தாயிற்று, விருந்தினரையும் அழைத்தாயிற்று என்று கடிதம் எழுதிவிட்டார்! குற்றஞ்சாட்டப்பட்டவன் விடுதலையானான். அந்தப் பிள்ளையின் பெயரும் லோரன்ஸ்; ஜோர்ஜ் வாஷிங்டனின் பாட்டன் அவரே.

செவிவழிச் செய்தியின் மதிப்பு

வடநாட்டிலிருந்து வந்தோம் என்று குடும்பத்துப் பெரியோர் சொன்னது பொய்யா? அதுவும் பொய்யன்று. சல்கிறேவில் நிலம் வாங்கி மாளிகை கட்டியவர், நோர்தாம்டன் நகரத்துக்கு இருமுறை மேயராயிருந்த லோரன்ஸ் வாஷிங்டன். அவர் லங்காஷயரிலிருந்து தெற்கே வந்தவர். அவருடைய பேரனின் மகனே பேர்லிக் குருவானவர். அதற்கும் முன்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, டேர்ஹம் நாட்டிலுள்ள வாஷிங்டன் என்ற ஊரே இக்குலத்துக்குப் பெயர் தந்தது. ஆகவே குடும்ப நினைவு இடத்தைக் காத்தது, காலத்தை மறந்தது. செவிவழிச் செய்தியைத் தள்ளிவிடவும் கூடாது; அப்படியே கொள்ளவும் கூடாது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

ஏட்டில் இல்லாதவர்கள்

இவ்வளவும் கூறிய பின் ஒன்றைக் கூறாது விடுதல் நீதியன்று. வாஷிங்டனின் மவுண்ட் வேர்ணன் பண்ணையிலே, அவர் இறந்த 1799 ஆம் ஆண்டில், அடிமைகளாக முந்நூறு பேருக்கு மேல் இருந்தனர். அவர்களுடைய பெயர்களை அவர் தம் கையாலேயே பட்டியலாக எழுதி வைத்தார். தமக்கு உரியோரைத் தம் மரணசாதனத்தில் விடுதலை செய்யவும் ஏற்பாடு செய்தார். அப்பட்டியலிலே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர் மட்டுமே உண்டு. அவர்களின் வழித்தோன்றல் ஒருவர் பூட்டனைத் தேடிப் புறப்பட்டால், அவருக்கு ட்ரிங் ஊர் போல ஓர் ஊரும் இல்லை. திறந்து பார்க்க ஓர் இடாப்பும் இல்லை. ஆபிரிக்கக் கரையிலே கப்பலேற்றியவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை, தலையை எண்ணினான்.

பதிவு என்பது பொழுதுபோக்குக்கு உரிய பொருளன்று என்பதை நம் நாட்டு மக்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தை முதலான முன்னோர் இத்தீவிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத்து லயன்களிலே பிறந்து அங்கேயே மாண்டவர்களின் பிள்ளைகள், அச்சான்று காட்ட இயலாமல் நாடற்றவராயினர். எஞ்சிநின்ற குறை நீங்குவதற்கு 2003 ஆம் ஆண்டிலே இன்னொரு சட்டம் வேண்டியதாயிற்று. ஒரு வரிப் பதிவு இருந்தால் ஒரு குடும்பத்தின் வாழ்வே வேறாயிருக்கும். இதனை நினைக்குந்தோறும் மனம் கனக்கின்றது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுமுறை நாட்களிலே உங்கள் பாட்டன் பாட்டிமாரிடம் அமர்ந்து, அவர்களுடைய பெற்றோர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய உறுதிகளும், பிறப்பு விவாகப் பத்திரங்களும், சாதகக் குறிப்புகளும் பெட்டியடியிற் கிடந்தால் அவற்றைப் பிரதி செய்யுங்கள். கண்ணாற் கண்ட ஆதாரத்தை ஒரு பக்கத்திலும், காதாற் கேட்ட செய்தியை மறுபக்கத்திலும் வேறுவேறாக எழுதுங்கள். தெரிந்தவரிலிருந்து தெரியாதவரை நோக்கி ஒவ்வொரு படியாகச் செல்லுங்கள். பெருமைக்குரிய பெயரொன்று எதிர்ப்பட்டவுடன் பாய்ந்து அதைப் பற்றிக்கொள்ள வேண்டாம். அவ்வாறு பாய்ந்தமையாலேயே பெரும் பண்டிதராகிய ஹேர்ட்டும் ஒரு தலைமுறை தவறினார்.

மூலத்தை அறிந்ததனால் எவரும் உயர்ந்துவிடுவதில்லை. அறியாமையால் எவரும் தாழ்ந்துவிடுவதுமில்லை. ஆனால், நம்மைப் பெற்று வளர்ப்பதற்காக எத்தனையோ பேர் துன்பத்தோடு ஊர் விட்டு ஊர் பெயர்ந்தனர். அவர்களுடைய பெயரையாவது அறிந்து வைத்திருத்தல் நாம் செலுத்தக்கூடிய சிறு கடன். கேட்டால் சொல்லக்கூடிய முதியவர் வீட்டில் இருக்கும்பொழுதே அக்கடனைச் செலுத்தத் தொடங்குவோமாக.